தாத்தாவின் பிஸ்கட் பேணியும் அம்மம்மாவின் அரைப் பவுணும்: யாராவது பார்த்துச் சொல்லுங்கள்

உப்புவெளி நிலா

வணக்கம். ஆறு மாதமாக இந்தக் காசு சேர்ப்போர் மன்றத்தை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் காசு சேர்ப்பவள் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். போன மாதம் அம்மம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் பேணி இறங்கியது. மூடி கறள் பிடித்து இறுகிப்போயிருந்தது. தம்பி திருப்புளியால் நெம்பித்தான் திறந்தான். உள்ளே முழுக்க வெள்ளைக்காரன் காசு.

தாத்தா திருகோணமலை டொக்யார்டில் (கடற்படைக் கப்பல் பட்டறையில்) பிற்றராக இருந்தவர். 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டு வெள்ளைக்காரர் போகும்வரை அங்கேதான் வேலை. சம்பளம் ரூபாயில்தான். ஆனால் கப்பல்காரர் விட்டுப்போன சில்லறை, சீட்டாட்டத்தில் வென்றது என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது. சீட்டாட்டக் கதை அம்மம்மா சொன்னது. சிரிக்காமல் சொல்வார். 2004 சுனாமிக்கு வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது பேணி கீழ்த்தட்டில் இருந்ததாம். அதனால் சில காசுகளில் பச்சை பிடித்திருக்கிறது.

உள்ளே இருப்பது: பெரிய செப்புப் பென்னி 31 (விக்டோரியா முதல் ஆறாம் ஜோர்ஜ் வரை), அரைக் கிரவுண் என்ற இரண்டரைச் சிலிங் காசு 4 (1914, 1942, 1944, 1947), புளோரின் என்ற இரண்டு சிலிங் காசு 3 (1939, 1943, 1948), சிலிங் 1 (1941), பன்னிரண்டு மூலை வைத்த மஞ்சள் மூன்று பென்ஸ் கொஞ்சம், கப்பல் படம் போட்ட அரைப் பென்னி கொஞ்சம், 1965 சேர்ச்சில் தலை போட்ட பெரிய காசு ஒன்று. கடைசியாகச் சொன்னது மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்தது. இவற்றோடு சட்டைப் பொத்தான் அளவில் ஒரு குட்டிச் செப்புக் காசும் கிடந்தது. 1839 என்று தெரிகிறது. பல்லாங்குழியில் ஒரு சோழி தொலைந்துபோய், அதற்குப் பதிலாக அம்மம்மா இதைத்தான் வைத்து விளையாடினார் என்று அம்மா சொல்கிறார். தம்பி எறியப் பார்த்தான்.

என்னுடைய கேள்விகள். பழைய சாமான் வாங்க வந்த ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கிலோக் கணக்கில் விலை சொன்னார். கொடுக்கலாமா? இவற்றை எப்படிச் சுத்தம் செய்வது? 1914 அரைக் கிரவுணை, குத்துவிளக்குக்குப் போடுவதுபோலத் திருநீறு போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி வந்துவிட்டது (படம் 3). மற்றவற்றையும் அப்படிச் செய்யலாமா?

தம்பிக்கு இதைப் பார்த்ததும் ஆசை பிடித்துவிட்டது. இணையத்தில் 1933 பென்னி ஒன்று பதினைந்தாயிரம் ரூபாய்க்கு இருக்கிறது, வாங்கட்டுமா என்று தினமும் கேட்கிறான்.

கடைசியாக, அம்மம்மாவின் பதக்கம். பேணியில் இல்லை, நகைப்பெட்டியில் தனியே துணியில் சுற்றி இருந்தது. விக்டோரியா தலை, 1887, பொன் நிறம், மேலே ஒரு வளையம். வீட்டில் எல்லோரும் அரைப் பவுண் என்றுதான் சொல்வோம். 1990இல் முகாமில் இருந்தபோது காப்பு, சங்கிலி எல்லாம் அடகுக்குப் போய்விட்டன. இதை மட்டும் அம்மம்மா கொடுக்கவே இல்லை. இதன் மதிப்பு என்னவாக இருக்கும்?

நிலாவெளிப் பொடியன்

அக்கா, பச்சைக்கு எலுமிச்சம்பழமும் உப்பும். ஒரு இரவு ஊற விடுங்கள், புதுக்காசு மாதிரி வரும். கோலாவிலும் போடலாம்.

ஓர்ஸ்ஹில் கிழவன்

பிள்ளை, முதல் காரியமாக நிலாவெளித் தம்பி சொன்னதைச் செய்ய வேண்டாம். தம்பி கோபிக்க வேண்டாம், நானும் இருபது வயதில் அதைத்தான் செய்தேன். பழப்புளியும் சாம்பலும் போட்டு ஒரு விக்டோரியா பென்னியைத் தேய்த்து, வானொலிப் பெட்டிக்கு மேல் வைத்து அழகு பார்த்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. யாராவது காசைக் கழுவலாமா என்று கேட்டால் அதை எடுத்துக் காட்டுவேன். இளஞ்சிவப்பாக, தோல் உரித்த மாதிரி இருக்கும்.

செப்பும் வெள்ளியும் காற்றுப் பட்டு மெல்ல மெல்ல ஒரு தோல் போர்த்திக்கொள்ளும். நூறு வருடம் எடுத்து வந்த தோல் அது. சேர்ப்பவன் காசு கொடுப்பது அதற்கும் சேர்த்துத்தான். திருநீறு என்பது மெல்லிய உரத்தாள்தான், அவ்வளவே. விளக்குக்கு நல்லது, ஏனென்றால் விளக்கின் மேல் யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை. உங்கள் படம் 3ஐப் பெரிதாக்கிப் பார்த்தேன். அரசரின் கன்னம் முழுக்க மயிரிழைக் கீறல், எல்லாம் ஒரே பக்கமாகப் போகிறது. அந்த அரைக் கிரவுண் இனி வெள்ளி விலைக்குத்தான். பரவாயில்லை, மற்ற 3ஐயும் தொடவில்லையே.

பச்சையைப் பற்றி. இரண்டு விதப் பச்சை உண்டு. இறுகி, கரும்பச்சையாக, நகத்துக்கு அசையாமல் இருப்பது ஒன்று. அதை விட்டுவிடலாம். வெளிர்பச்சையாக, மாவு மாதிரி உதிர்வது மற்றது. அதுதான் வியாதி. கடல் உப்பு உள்ளே இறங்கி, ஈரக் காற்றுப் படப்படச் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். அப்படி உள்ளதை மட்டும் பிரித்து எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு வையுங்கள். காருக்கு ஊற்றும் பற்றறித் தண்ணீர்தான். அசிட் இல்லை, தண்ணீர், கடையில் கேட்டு வாங்குங்கள். சில நாளுக்கு ஒருமுறை மாற்றி, சில வாரம். கிணற்றுத் தண்ணீர் கூடாது. உப்புவெளியில் இருந்துகொண்டு உங்கள் கிணற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு துணியில் ஒற்றி எடுத்து நன்றாக உலரவிட்டு, கடதாசி உறையில் போடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்ற வேண்டும். வழுவழுப்பான மெல்லிய பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், கொஞ்சக் காலத்தில் அதுவே பிசுபிசுத்துப் பச்சை விடும். நம் ஊர் காற்றுக்குப் பேணிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு கிடக்கட்டும், சப்பாத்துப் பெட்டியில் வருவதே போதும்.

இனிக் கிலோக் கதை. கொடுக்காதீர்கள். ஏன் என்று நீங்களே கணக்குப் போடுவீர்கள், கணித ரீச்சர்தானே. பிரித்தானிய வெள்ளிக் காசில் 1919 வரை ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. 1920 முதல் 1946 வரை சரிபாதி. 1947இல் இருந்து வெள்ளியே இல்லை, செப்பும் நிக்கலும்தான். யுத்தத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது, அதற்காக மக்கள் கையில் இருந்த வெள்ளிக் காசை எல்லாம் திரும்ப இழுத்தார்கள். அரைக் கிரவுண் 14.14 கிராம், புளோரின் 11.31, சிலிங் 5.66. உங்கள் பட்டியலை இதோடு வைத்துப் பாருங்கள். அவர் தராசில் 1914ம் 1947ம் ஒரே விலை.

சேர்ச்சில் காசை மாமா எவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாலும் ஏமாறத்தான் வேண்டும். ஏறக்குறைய இரண்டு கோடி அடித்தார்கள், ஆளுக்கு ஒன்று எடுத்து வைத்தார்கள். வெள்ளியும் இல்லை. மேசையில் கடதாசி பறக்காமல் வைக்க நல்ல பாரம்.

அந்தப் பொத்தான் காசுக்கு வருகிறேன். அதை எறியப் பார்த்த தம்பியின் காதைத் திருகுங்கள். படம் தெளிவில்லை. ஒரு பக்கம் இளம் விக்டோரியா, மறுபக்கம் மேலே கிரீடம், கீழே 1839, நடுவே எழுத்து. நடுவில் உள்ள முதல் சொல் என்ன என்று எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். குறுக்களவையும் அளந்து சொல்லுங்கள். பிறகு பேசுவோம்.

பதக்கத்தையும் நிறுத்துச் சொல்லுங்கள், 0.01 கிராம் காட்டும் தராசில். வளையத்தோடேயே நிறுக்கலாம். பின்பக்கத்தில் ஒரு கேடயம் இருக்கும், அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். அதுவரை யாரிடமும் விலை பேச வேண்டாம்.

குறொய்டன் சிவா

நிலா அக்கா, தம்பியை நிறுத்துங்கள்! 1933 பென்னி என்றால் உலகத்திலேயே ஏழோ என்னவோதான் இருப்பதாகக் கணக்கு. அந்த வருடம் லண்டனில் பென்னி ஏற்கெனவே தேவைக்கு மேல் குவிந்து கிடந்ததால் புழக்கத்துக்கு அடிக்கவே இல்லை. கட்டிடங்களுக்கு அத்திவாரக் கல் வைக்கும்போது அந்த வருடக் காசு போடும் வழக்கம் இங்கே உண்டு, நாங்கள் பஞ்சலோகம் போடுவதுபோல. அதற்காகச் சிலவற்றை அடித்தார்கள். லீட்ஸ் பக்கத் தேவாலயம் ஒன்றின் அத்திவாரத்தைக் கிண்டி 1970இல் ஒன்றைத் திருடியே விட்டார்கள். அப்படிப்பட்ட காசு பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வராது. கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியதாக இருக்கும், இல்லாவிட்டால் நினைவுப் பொருளாக வார்த்தது.

தம்பிக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் இருக்கிற 31 பென்னியில் தொடங்கட்டும். ஆண்டு எண்ணுக்கு இடப்பக்கத்தில் பொடியாக எச் என்றோ கே.என். என்றோ எழுத்து இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். லண்டன் நாணயசாலைக்கு வேலை கூடினபோது பேர்மிங்காமில் இருந்த தனியார் ஆலைகளுக்குக் கொடுத்து அடித்தவை அவை. 1912, 1918, 1919இல் வரும். 1912 எச் சாதாரணம். 1918, 1919 என்றால், அதிலும் கே.என். என்றால், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வாங்குவது பற்றி: இங்கே இங்கிலாந்தில் வருடா வருடம் வரும் காசு விலைக் கையேட்டைப் பார்த்து எல்லோரும் மயங்குகிறார்கள். அதில் உள்ளது கடைக்காரன் விற்கும் விலை. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். ஏலத்தில் எடுத்தால் விழுந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் பங்கு, வரி, தபால் எல்லாம் ஏறும். போன வருடம் மலிவு என்று நினைத்து ஒன்று எடுத்தேன், எல்லாம் கூட்டிப் பார்த்தால் பக்கத்துக் கடையில் அதைவிடக் குறைவாகவே இருந்தது.

உப்புவெளி நிலா

எல்லோருக்கும் நன்றி. ஐயா, திருநீறு விஷயம் வாசித்துவிட்டு அரை மணித்தியாலம் அந்த அரைக் கிரவுணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீறல் இப்போதுதான் கண்ணில் படுகிறது, பட்ட பிறகு அது மட்டும்தான் தெரிகிறது.

வெள்ளிக் கணக்குப் போட்டேன். 1914 ஒன்றிலேயே 13.08 கிராம். 1942, 1944 இரண்டும் சேர்ந்து 14.14. புளோரின் இரண்டில் 11.31. சிலிங்கில் 2.83. 1947ம் 1948ம் பூச்சியம். ஆக 41 கிராமுக்குக் கொஞ்சம் கூடத் தூய வெள்ளி. கிலோக்காரர் நேற்றும் வந்தார். இந்தக் கணக்கைச் சொன்னேன். "ரீச்சரிடம் வந்ததே பிழை" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பென்னியில் 1912 எச் ஒன்று இருக்கிறது. 1918ம் 1919ம் இருக்கின்றன, எழுத்து இல்லை. தம்பி இரண்டு நாள் தேடினான், சிவா, நம்புங்கள்.

பொத்தான் காசு: குறுக்களவு பதின்மூன்றரை மில்லிமீற்றர். நடுவில் முதல் சொல் குவாட்டர், அடுத்தது பார்திங்.

பதக்கம்: நகைக்கடையில் வேலை செய்யும் பழைய மாணவி நிறுத்துத் தந்தாள். வளையத்தோடு 3.28 கிராம். கேடயத்துக்கு மேலே கிரீடம். கேடயத்தைச் சுற்றி வார் மாதிரி ஒன்று, அதில் பொடி எழுத்து. கீழே வார்ப்பூட்டுப்போலவும் இருக்கிறது. காசின் பெறுமதி எங்கும் எழுதியில்லை. மாணவி நிறுத்த பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஐயா, இன்னொன்றும். கடைக்காரர்கள் காசின் தரத்தைப் பைன், வெரி பைன் என்று போடுகிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது? தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் வேறு எதையாவது வாங்குவான்.

ஓர்ஸ்ஹில் கிழவன்

குவாட்டர் பார்திங்! எனக்கு இதை எழுதும்போதே கை கொஞ்சம் நடுங்குகிறது, வயதாலும்தான்.

ஒரு பென்னியில் நான்கு பார்திங். அதில் கால்வாசி இது. பென்னியில் பதினாறில் ஒரு பங்கு, இங்கிலாந்தின் ஒரு பவுண் பணத்துக்கு 3,840. இங்கிலாந்தில் இதற்கு ஒரு வேலையும் இல்லை. இது இலங்கைக்கென்றே லண்டனில் அடித்தது, 1839இலும் பிறகு 1851 முதல் 1853 வரையும். இதற்கு அண்ணன் அரைப் பார்திங், அதுவும் 1828இல் முதலில் நமக்காகத்தான் அடிக்கப்பட்டது, பின்னால் 1842இல்தான் இங்கிலாந்திலேயே செல்லுபடியாக்கினார்கள். இங்கே சந்தையில் ஒரு பிடி கீரையும் இரண்டு வெற்றிலையும் வாங்குபவனுக்கு முழுப் பார்திங்கே பெரிய காசு. ஒன்றரைப் பென்ஸ் என்று வெள்ளியில் ஒன்றும் வந்தது, 1834 முதல். பழைய கணக்கில் அது ஒரு பணம். கண்ணாடிப் பொட்டு அளவுதான் இருக்கும், விரலிடுக்கில் விழுந்தால் தேட வேண்டும். 1872இல் ரூபாயும் சதமும் வந்த பிறகு இவை எல்லாம் ஓய்ந்துவிட்டன.

சேர்ப்பவர்கள் இதைப் பிரித்தானியக் காசு வரிசையில் வைத்தே தேடுகிறார்கள். ஆனால் தேய்ந்து உழைத்த இடம் நம் ஊர். உங்கள் காசு பல்லாங்குழிக் குழிகளில் உருண்டு பார்த்தது. தலை தேய்ந்திருந்தாலும் ஆண்டு தெளிவு. பெரிய பணம் வரும் என்று சொல்லமாட்டேன், தேய்ந்த நிலையில் வராது. பேணியில் எனக்கு ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

தரம் பார்ப்பது. முதலில் சொற்களில் ஏமாறக்கூடாது. இந்த உலகத்தில் குட் என்றால் மோசம். வெரி குட் என்றால் கொஞ்சம் குறைந்த மோசம். பைனில்தான் மரியாதை தொடங்குகிறது. அதற்கு மேல் வெரி பைன், எக்ஸ்ட்ரீம்லி பைன், கடைசியில் அன்சர்க்குலேற்றட், அதாவது கைபடாதது. அமெரிக்காக்காரர் இதையே 1 முதல் 70 வரை புள்ளியாகப் போட்டுப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துக் கொடுப்பார்கள். ஒரே சொல்லுக்கு அவர்களுடைய அளவு பெரும்பாலும் இளகினது, பிரித்தானிய அளவு இறுக்கமானது. எந்த நாட்டுக் கடைக்காரன் எழுதினான் என்று பார்க்காமல் பட்டியலை நம்பக்கூடாது.

வாசற்படியில் கால் படும் இடம்தானே முதலில் தேயும். காசிலும் மேடுதான் முதலில் போகும். கொண்டை போட்ட விக்டோரியா பென்னியில் காதுக்கு மேல் வரும் கூந்தல் இழைகளைப் பாருங்கள். இழை இழையாக எண்ண முடிந்தால் எக்ஸ்ட்ரீம்லி பைன் பக்கம். இழைகள் சேர்ந்து கட்டியாகி, ஆனாலும் கூந்தல் என்று தெரிந்தால் வெரி பைன். மொட்டையாகி உருவம் மட்டும் தெளிவாக நின்றால் பைன். பூப்பக்கம் அமர்ந்திருக்கும் பெண் உருவமான பிரிற்றானியாவின் மார்பும் முழங்காலும் அதே மாதிரி. இதை ஒரு காசில் பார்த்துப் பழக முடியாது. 31 பென்னியையும் பாய் மேல் பரப்பி, ஒரே மன்னர் காலத்தவற்றை நல்லதிலிருந்து மோசம் வரை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் வரிசையைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கட்டும். இரண்டு வரிசையும் ஒன்றாக வரும்வரை பணம் கொடுத்து எதையும் வாங்கக்கூடாது. எனக்கு அதற்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது.

இதில் ஒரு பொறி உண்டு. ஐந்தாம் ஜோர்ஜ் பென்னிகளில், 1920களின் நடுப்பகுதி வரைக்கும், பிரிற்றானியா மங்கலாக, முகமே இல்லாமல் இருப்பாள். தேய்வு என்று நினைப்பீர்கள். இல்லை. அரசரின் தலை அச்சில் மிக மேடாக இருந்ததால் அடிக்கும்போது உலோகம் அந்தப் பக்கமே போய்விட்டது, இந்தப் பக்கத்துக்குப் போதவில்லை. சரித்துப் பார்த்தால் அரசரின் தலை நிழல்போல இந்தப் பக்கம் தெரியும், பேய் மாதிரி. 1928இல் தலையைச் சிறிதாக்கிய பிறகுதான் சரியானது. எனவே அந்தக் காசுகளை அரசரின் முகத்தை வைத்துத்தான் தரம் பார்க்க வேண்டும். நான் இதை அறியாமல் ஒரு நல்ல 1919ஐ ஒருவரிடம் சும்மா விலைக்குக் கொடுத்துவிட்டு, அவர் வாசலைத் தாண்டும்போதே அவர் சிரிப்பைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

கைபடாததைக் கண்டுபிடிக்க மேசை விளக்கின் கீழ் மெல்லச் சரியுங்கள். ஒளி சைக்கிள் சில்லுக் கம்பிபோலச் சுற்றி ஓடினால் அசல் பளபளப்பு. தேய்த்து வந்த பளபளப்பு ஓடாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மினுங்கிக்கொண்டு நிற்கும். உங்கள் 1914 அப்படித்தான் நிற்கும், செய்து பாருங்கள்.

இப்போது பதக்கம். இதை எப்படி எழுதுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாம் நகைக்குப் பவுண் என்று சொல்லும் எட்டுக் கிராம், இங்கிலாந்தின் பொன் சவரினிலிருந்து வந்தது. அது 7.98 கிராம், 22 கரட். அரைச் சவரின் 3.99. உங்களுடையது வளையத்தையும் சேர்த்தே 3.28. எவ்வளவு தேய்ந்தாலும் பொன் காசு அவ்வளவு இளைக்காது.

அது ஆறு பென்ஸ், வெள்ளி. 1887 விக்டோரியா ஆட்சிக்கு ஐம்பதாம் ஆண்டு, பொன், வெள்ளிக் காசுக்கெல்லாம் புதுத் தலை, பலவற்றுக்குப் புதுப் பூ. ஆறு பென்ஸுக்குக் கேடயம் போட்டார்கள், பெறுமதியை எழுத மறந்துவிட்டார்கள். அரைச் சவரினும் கேடயம், அதே குறுக்களவு, ஏறக்குறைய 19 மில்லிமீற்றர். கொஞ்ச நாளிலேயே ஆட்கள் ஆறு பென்ஸுக்குப் பொன்முலாம் பூசி அரைச் சவரினாகத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அதாவது அதன் பெறுமதியில் இருபது மடங்குக்கு. அதே வருடம் அந்த அச்சை நிறுத்திவிட்டு, ஆறு பென்ஸ் என்று எழுத்திலேயே போட்ட பழைய மாலை வடிவத்துக்குத் திரும்பினார்கள். பிரித்துப் பார்க்கச் சுலப வழி, நீங்கள் சொன்ன அந்த வார்தான். ஆறு பென்ஸில் கேடயத்தைச் சுற்றி வார் இருக்கும், அரைச் சவரினில் இருக்காது. கேடயத்தின் மேட்டில் எங்காவது வெள்ளை எட்டிப் பார்க்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்தச் சிறு வளையம் அசல் பொன்னாக இருந்தாலும் ஆச்சரியமில்லை, பத்தர்கள் அதில் கஞ்சத்தனம் பண்ணமாட்டார்கள்.

காசு அரிதானதும் இல்லை. திரும்பப் பெறப்படுகிறது என்று கேள்விப்பட்டதும் நிறையப் பேர் எடுத்து ஒளித்து வைத்தார்கள், அதனாலேயே நிறைய மிஞ்சியது. வளையம் ஒட்டியதால் சேர்ப்பவரும் வாங்கமாட்டார். ஆனால் முலாம் பூசிய 1887 ஆறு பென்ஸ் ஒரு நல்ல கதை, என் பெட்டியில் இல்லை. கேட்கமாட்டேன், சும்மா சொன்னேன்.

கிண்ணியா இரும்புக்கடை

நான் கிலோக்காரன்தான், ஆனால் ரீச்சர் வீட்டுக்கு வந்தவன் நான் இல்லை. எங்கள் ஆட்கள் மேல் பழி வராமல் ஒன்று சொல்ல வேண்டும். செப்புப் பென்னி மூன்று ஒரு அவுன்ஸ், கிலோவுக்கு 105, 106 நிற்கும். பழைய செம்பு விலைக்கு எடுத்து உருக்கக் கொடுத்தால் எங்களுக்கு இலாபம் கொஞ்சம்தான். அதனால் நல்லதாகக் கண்ணில் படுவதை நான் பிரித்து வைப்பேன். வாப்பா காலத்திலிருந்து வைத்த ஒரு சாக்கு இருக்கிறது, அதில் டொக்யார்ட்காரர் வீடுகளிலிருந்து வந்தது நிறைய. ஓர்ஸ்ஹில் ஐயா ஒரு நாள் வந்து பார்க்கலாம், பிளேன்ரீ என் கணக்கு. ஒன்று மட்டும்: தோண்டி எடுத்தோம் என்று யார் கொண்டுவந்தாலும் நான் எடுப்பதில்லை. மண்ணுக்குள்ளிருந்து வரும் பழசு அரசாங்கத்துக்குச் சொந்தம், தொல்பொருள் திணைக்களம் பார்க்க வேண்டியது. தம்பிக்கும் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஓர்ஸ்ஹில் கிழவன்

சாக்கா? நானா, நாளைக்குக் காலை பஸ்ஸில் வருகிறேன்.

உப்புவெளி நிலா

ஐயா, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கேடயத்தின் இடது பக்க மூலையில், சிங்கங்களுக்கு மேலே, ஊசி முனையளவு வெள்ளை. வளையத்தை மாணவியின் கடையில் உரைத்துப் பார்த்தார்கள். வளையம் பொன்தான்.

இரண்டு நாளாக அம்மாவிடம் சொல்லவா விடவா என்று இருந்தேன். நேற்று இரவு சொன்னேன். பயந்ததுபோல ஒன்றும் ஆகவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், கையைத் துடைத்துவிட்டு வந்து பதக்கத்தை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முகாமில் பால்மா வாங்கக் காசில்லாமல் இருந்தபோது இதையும் வைப்போம் என்று நான் எத்தனை தரம் சண்டை பிடித்தேன். இது உன் அப்பாவின் கை தொட்டது, தரமாட்டேன் என்று அழுதாரே," என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரிக்கத் தொடங்கினார். "சீட்டாட்டத்தில் வென்றதை அடகுக்கடைத் தராசில் வைத்தால் தாத்தாவின் மானம் போய்விடும் என்று நினைத்திருப்பார்."

பொத்தான் காசைக் கடதாசி உறையில் போட்டு, ஆண்டையும் பெயரையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பல்லாங்குழியில் இப்போது மறுபடி ஒரு சோழி குறைகிறது. தம்பி சேர்ச்சிலை வைத்துப் பார்த்தான். குழிக்குள் இறங்கவில்லை.